குரல் ரெக்கார்டிங்கில் நடுநடுவே ‘டிக்’ சத்தம்: கேபிள், டிரைவர் எல்லாம் மாற்றியும் போகவில்லை

வாசிப்புமேசை | ஞாயிறு, இரவு 11:20

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். பகலில் தெருச் சத்தம் அதிகம் என்பதால் இரவு பத்து மணிக்கு மேல்தான் உட்காருவேன். பழைய கம்ப்யூட்டரில் இரண்டு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. போன மாதம் அது படுத்துவிட்டது. புதிதாக ஒன்று அசெம்பிள் செய்து வாங்கினேன். ஆறு கோர் பிராசசர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. மைக், யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி), ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் மூன்றும் பழையவையே. 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடுகள்), பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் வாங்கிக்கொள்ளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128. இதுவும் பழைய மெஷினில் வைத்திருந்த அதே அளவுதான்.

இப்போது வாசித்து முடித்துக் கேட்டால் நடுநடுவே ‘டிக்’. சில இடங்களில் ‘ட்ரிக்’ என்று இரட்டையாக. நேற்று வரலாற்றுப் பாடத்தில் ‘கல்வெட்டு’ என்று நான் சொல்ல, ‘கல்’லுக்கும் ‘வெட்டு’க்கும் நடுவே சரியாக ஒரு வெட்டு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

செய்து பார்த்தவை: யுஎஸ்பி கேபிள் மாற்றினேன். முன்பக்கம், பின்பக்கம் எல்லா போர்ட்டிலும் செருகினேன். இன்டர்ஃபேஸ் டிரைவரை (அதை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மைக் கேபிளையும் மாற்றியாயிற்று. கடைக்காரர் “விண்டோஸ் புதுசா போட்டுடலாம் மேடம்” என்கிறார். டாஸ்க் மேனேஜரில் சிபியு ஐந்து சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. அப்புறம் எதற்குத் திணறுகிறது?

வேகப்பிரியன் | ஞாயிறு, இரவு 11:41

பஃபரை 1024 ஆக்குங்கள். முடிந்தது கதை.

மைக்செட்மாமா | திங்கள், காலை 6:15

தம்பி சொன்னது தப்பில்லை, ஆனால் அதற்குள் அவசரப்பட வேண்டாம். என்ன நோய் என்று தெரியாமல் மாத்திரை போட்டால், அடுத்த முறை வரும்போதும் தெரியாது.

மேடம், மூன்று கேள்வி.

ஒன்று, அந்த டிக் சத்தம் பதிவான கோப்பிலேயே இருக்கிறதா, அல்லது கேட்கும்போது மட்டும் வருகிறதா? ஒரே இடத்தை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். மூன்று முறையும் அதே எழுத்தில் விழுந்தால் கோப்பில் இருக்கிறது. இடம் மாறினால் பதிவு சுத்தம், ஒலிக்கும் பக்கம்தான் கோளாறு.

இரண்டு, அந்த இடத்தில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் வரை. கோடு வளைந்து போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று செங்குத்தாக ஒரு படி விழுந்து, அங்கிருந்து வேறொரு வளைவு தொடங்கினால் நடுவில் சாம்பிள்கள் தொலைந்துவிட்டன என்று பொருள். அது கம்ப்யூட்டர் நேரத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளாத குற்றம். அப்படி இல்லாமல், ஓடும் அலையின் மேலேயே ஊசி மாதிரி ஒன்று குத்திக்கொண்டு நின்றால் மின்சாரம், கேபிள், செருகும் பின் இவற்றில் தேட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே எவ்வளவு நேரம்? குறித்துப் பாருங்கள். இதற்குக் குரல் வேண்டாம். போனில் சுருதிப்பெட்டி ஆப் இருந்தால் மைக் முன்னால் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அமைதியில் பத்துச் சாம்பிள் தொலைந்தாலும் காதுக்குத் தெரியாது. சுருதியில் ஒரு மயிரிழை அறுந்தாலும் தெரிந்துவிடும்.

முப்பது வருடமாகக் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டியவன். சத்தத்துக்கும் ஒரு தாளம் உண்டு மேடம். அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அரைக்கட்டை | திங்கள், காலை 9:02

எனக்கும் இதே பிரச்சினைதான்! யுஎஸ்பி மைக்கில் பாட்டுப் பயிற்சி பதிவு செய்கிறேன். நாற்பது நொடிக்கு ஒரு முறை டக் என்று விழுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சரியாக 42, 43 நொடி. தீர்வு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மைக்செட்மாமா | திங்கள், காலை 9:30

தம்பி, உங்களுடையது வேறு நோய் என்று நினைக்கிறேன். மைக் யுஎஸ்பி, சரி. ஹெட்போனை எதில் செருகியிருக்கிறீர்கள்?

அரைக்கட்டை | திங்கள், காலை 9:34

கம்ப்யூட்டர் பின்னால், பச்சை ஓட்டையில். ஏசியோ4ஆல் என்ற பொது ஒலி டிரைவர் போட்டு இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

பென்குயின்தாத்தா | திங்கள், காலை 10:10

மாமா சொல்ல வந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஒலிக் கருவிக்குள்ளும் தனியாக ஒரு கடிகாரம் இருக்கிறது, குவார்ட்ஸ் படிகம். 48,000 என்று பெயர்தானே தவிர இரண்டு கருவி துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது. உங்கள் மைக் நொடிக்கு 48,000 சாம்பிள் தருகிறது, மதர்போர்டு சவுண்ட் 48,003 கேட்கிறது என்று வையுங்கள். நொடிக்கு மூன்று பற்றாக்குறை. 128 சாம்பிள் கையிருப்பு சுமார் 43 நொடியில் தீரும். அப்போது டக். மறுபடி நிரம்பும், மறுபடி 43 நொடி. நீங்கள் சொன்ன கணக்கோடு பொருந்துகிறதா?

நான் போட்ட மூன்று ஓர் உதாரணம்தான். ஆனால் கடிகாரம் போல ஒழுங்காக விழும் டிக் என்றால் முதலில் கடிகாரத்தையே சந்தேகிக்க வேண்டும். போகும் வழி, வரும் வழி இரண்டும் ஒரே கருவியாக இருக்கட்டும். மைக்கிலேயே ஹெட்போன் ஓட்டை இருந்தால் அதில் செருகுங்கள்.

அரைக்கட்டை | திங்கள், காலை 10:52

தாத்தா!! இருபது நிமிடம் ஓடவிட்டேன். ஒன்றுகூட இல்லை. மைக்கின் அடியில் ஓட்டை இருந்தது, ஒரு வருடமாக நான் பார்க்கவே இல்லை.

இன்னொன்று. போன வாரம் ஒரு கட்டையில் பாடிய பதிவை நண்பனுக்கு அனுப்பினேன். அவன் வீட்டில் ஓட்டினால் சுருதி ஏறி, வேகமாக, பொம்மை பாடுவது மாதிரி இருந்தது. அதுவும் கடிகாரம்தானா?

பென்குயின்தாத்தா | திங்கள், காலை 11:20

அது கடிகாரப் பிசகு இல்லை, பெயர்ப்பலகைப் பிசகு. நீங்கள் 44.1இல் பதிந்ததை அவர் மென்பொருள் 48 என்று நினைத்து ஓட்டியிருக்கிறது. வேகம் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும், எந்தச் சுருதிப்பெட்டியோடும் சேராது. விண்டோஸ் சவுண்ட் அமைப்பு, கருவியின் சொந்தப் பலகை, மென்பொருளின் ப்ராஜெக்ட் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசிப்புமேசை | திங்கள், இரவு 11:48

மாமா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கோப்பிலேயே இருக்கிறது, மூன்று முறையும் அதே இடம். பெரிதாக்கிப் பார்த்தால் படிதான், ஊசி இல்லை. வளைந்து மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு அப்படியே பாதாளத்தில் விழுந்து அங்கிருந்து தொடர்கிறது. இவ்வளவு நாள் இதைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

சுருதி ஓடவிட்டு, டிக் விழும்போதெல்லாம் ரீப்பரில் குறி போடும் எம் விசையைத் தட்டித் தட்டிக் குறித்தேன். 0:38, 1:39, 1:40, 2:41, 3:40, 4:42, 5:42, 5:43. அதற்கு மேல் தூக்கம் வந்துவிட்டது.

மைக்செட்மாமா | செவ்வாய், காலை 6:05

பார்த்தீர்களா? நிமிடத்துக்கு ஒரு முறை. ஆனால் நம் அரைக்கட்டைத் தம்பியுடையது மாதிரி ஒழுங்கு இல்லை, ஒரு நொடி முன்னே பின்னே ஆடுகிறது, சில சமயம் இரட்டை. யாரோ ஒருவர் நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் தட்டிவிட்டுப் போகிறார். யார் என்று பென்குயின் கண்டுபிடிப்பார், எனக்குக் கம்பிதான் தெரியும்.

வேகப்பிரியன் | செவ்வாய், காலை 8:40

எர்த் பிரச்சினையாக இருக்கலாம். பிளக்கில் பெரிய பின்னை எடுத்துவிட்டு டேப் சுற்றிச் செருகிப் பாருங்கள். என் வீட்டில் அப்படித்தான் ‘உம்ம்’ போனது.

மைக்செட்மாமா | செவ்வாய், காலை 8:52

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சத்தமாகவே சொல்கிறேன். எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள். ஈரக் காலோடு மைக்கைத் தொட்டவர்களை மேடையில் பார்த்தவன் நான். எர்த் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டாலே விரலில் சுருசுருவென்று ஏறும். அந்தப் பின் இருப்பது உங்கள் உயிருக்கு, ஒலிக்கு அல்ல.

‘உம்ம்’ வேறு கதை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஹம் 50இலும் 100இலும் கேட்கும். கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் இன்னொரு சுவரிலும் செருகியிருந்தால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வரும், அதுதான் காரணம். எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகுங்கள். போகாவிட்டால் ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். ஃபேன் வேகத்தைக் குறைக்கும்போது கரகரவென்று வந்தால் ரெகுலேட்டர். முழு வேகத்திலோ நிறுத்தியோ வைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் எரிச்சலான இரைச்சல் வந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும், அந்த நேரத்தில் பதிவே வேண்டாம்.

இது எதுவும் மேடத்தின் டிக் இல்லை. ஹம் சாம்பிளைத் திருடாது.

பென்குயின்தாத்தா | செவ்வாய், காலை 11:15

வாசிப்புமேசை அம்மா, சிபியு ஐந்து சதவீதம்தான், அப்புறம் ஏன் திணறுகிறது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி.

128 சாம்பிள் பஃபர் 48 கிலோஹெர்ட்ஸில் 2.67 மில்லிசெகண்ட். அதாவது நொடிக்கு 375 முறை உங்கள் கம்ப்யூட்டர் வந்து “குடத்தைக் கொடு” என்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு முறை தாமதமானாலும் போச்சு. இன்டர்ஃபேஸ் காத்திருக்காது, யுஎஸ்பியில் ஒலி போகும் விதத்தில் விட்டதை மறுபடி அனுப்பும் வழக்கமும் கிடையாது. டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி. ஒரு நிமிடத்தில் ஆறு மில்லிசெகண்ட் மட்டும் யாரோ சிபியுவைப் பிடித்துவைத்துக்கொண்டால் சராசரியில் அது தெரியவே தெரியாது. குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது, நீங்கள் குடம் வைத்த அந்த ஒரு நொடி மட்டும் நிற்கிறது என்றால் எப்படியோ, அப்படி.

அப்படிப் பிடித்துவைப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கருவியின் டிரைவர். லேட்டன்சிமான் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. போட்டு, பதிவு செய்யும் நேரத்தில் செய்வதைப் போலவே எல்லாவற்றையும் திறந்துவைத்து, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். டிரைவர்கள் என்ற பக்கத்தில் அதிக நேரம் எடுத்தது யார் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள்.

வாசிப்புமேசை | செவ்வாய், இரவு 10:30

ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் இந்தக் கம்ப்யூட்டர் ஒலி வேலைக்கு லாயக்கில்லை என்ற மாதிரி ஏதோ திட்டுகிறது. அதிகபட்சம் 5,900 மைக்ரோசெகண்ட் சொச்சம். முதலிடத்தில் என்டிஐஎஸ்.சிஸ்.

பென்குயின்தாத்தா | செவ்வாய், இரவு 10:44

என்டிஐஎஸ் என்பது விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கு. பெரும்பாலும் அது குற்றவாளி இல்லை, அதற்குக் கீழே இருக்கும் நெட்வொர்க் கார்டின் டிரைவர்தான் அதன் பெயரில் மாட்டிக்கொடுக்கிறது. 5.9 மில்லிசெகண்ட் பிடிக்கிறது, உங்கள் குடம் 2.67. இரண்டு முறை தண்ணீர் தவறும். சில இடத்தில் இரட்டை டிக் வருவதும் இதனால் இருக்கலாம்.

இன்டர்நெட் வைஃபையா, கேபிளா?

வாசிப்புமேசை | செவ்வாய், இரவு 10:47

கேபிள்தான். வைஃபை நான் பயன்படுத்துவதே இல்லை.

யாழ்_ஒலி | செவ்வாய், இரவு 11:05

அக்கா, பயன்படுத்தாததுதான் பிரச்சினையாக்கும் எண்டு நினைக்கிறன். புது மதர்போர்டில வைஃபை உள்ளுக்கேயே வருது. அதை அணைக்காமல், ஒண்டோடையும் இணைக்காமல் விட்டால் பக்கத்தில என்ன இணைப்பு இருக்கு எண்டு அது அடிக்கடி தேடிக்கொண்டே இருக்கும். எனக்கும் இதுதான் நடந்தது. டிவைஸ் மேனேஜருக்குப் போய் வைஃபை கார்டை டிசேபிள் செய்துபோட்டுத் திரும்பப் பதிவு செய்து பாருங்கோ. கீழே மூலையில இருக்கிற வைஃபை பொத்தானை அணைக்கிறது மட்டும் எனக்குப் போதேல்லை.

வாசிப்புமேசை | புதன், நள்ளிரவு 12:20

பழைய கம்ப்யூட்டரில் வைஃபையே கிடையாது! இதை நான் யோசிக்கவே இல்லை.

டிசேபிள் செய்து அரை மணி நேரம் சுருதி ஓடவிட்டேன். நிமிடத்துக்கு ஒன்று வந்தது சுத்தமாகப் போய்விட்டது. தம்பி யாழ், வாயில் சர்க்கரை போட வேண்டும். ஆனால் 14:06இல் ஒன்று, 25:31இல் ஒன்று. இரண்டும் படிதான்.

வேகப்பிரியன் | புதன், காலை 8:15

இப்போதாவது பஃபரைக் கூட்டலாமா? :)

மைக்செட்மாமா | புதன், காலை 8:30

இப்போது கூட்டலாம். முதல் நாளே கூட்டியிருந்தால் 512இல் 10.67 மில்லிசெகண்ட், இந்த 5.9 அதற்குள் அடங்கி மறைந்திருக்கும். வைஃபை நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும். பாடுகிறவர், வீணை வாசிக்கிறவர் யாராவது பஃபரைக் குறைத்த அன்று மறுபடி வந்து நின்றிருக்கும்.

வேகப்பிரியன் | புதன், காலை 8:41

அவர் பாடவில்லையே மாமா, பாடம் வாசிக்கிறார். மூன்று நாள் முன்பே நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்திருப்பார். எல்லோரும் டாக்டராக வேண்டிய அவசியம் இல்லை.

மைக்செட்மாமா | புதன், காலை 8:50

அதுவும் நியாயம்தான்.

பென்குயின்தாத்தா | புதன், காலை 10:30

எனக்கு இருவர் கட்சியும் சம்மதம். மீதி இரண்டு டிக்குக்குச் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபார்மன்ஸ் வையுங்கள், சிபியு தூங்கித் தூங்கி எழுவது குறையும். அதே இடத்தில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இருக்கும், அதை அணையுங்கள். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக அல்லாமல் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். கீபோர்டு, பென்டிரைவ் எல்லாம் வேறு பக்கம் போகட்டும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நடுவில் சுருதி ஓட்டிப் பாருங்கள்.

பதிவுக் கோப்பு கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரில் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். வேகம் போதாமல் இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைச் சேனல் என்றால் நிமிடத்துக்கு 8.64 எம்பிதான், பழைய ஹார்ட்டிஸ்க்கே தூங்கிக்கொண்டு எழுதும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை இன்னொருவர் வந்து தூக்கிப் பார்ப்பதுதான் தொல்லை.

கடைசியில் எதுவும் சரியாகவில்லை என்றால், பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, நிறுவாமலேயே அதிலிருந்து பூட் செய்து பதிவு செய்து பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் உங்கள் கம்பி, இன்டர்ஃபேஸ், போர்ட் எல்லாம் நல்லவை, விண்டோஸ் பக்கம்தான் தேட வேண்டும். பைப்வயர் என்ற ஒலி அமைப்பு இருக்கும் லினக்ஸில் பிடபிள்யூ-டாப் என்று தட்டினால் எத்தனை முறை தவறியது என்று எண்ணிக்கையே காட்டும். வேலையை நேரம் தவறாமல் செய்ய வைக்கும் ரியல்டைம் பேட்ச் 20 வருடம் வெளியே நின்று 2024இல் 6.12 கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் சாதாரணக் குரல் பதிவுக்கு அது தேவைப்படாது. (பென்குயின் லினக்ஸின் சின்னம், என் பெயரைப் பார்த்தாலே தெரியும், ஒரு முறையாவது லினக்ஸ் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது.)

அரைக்கட்டை | புதன், காலை 10:48

நடுவில் ஒரு சந்தேகம். ஹெட்போனில் மெலிதாக ‘கீ...’ என்று ஒரே சுருதியில் கேட்கிறது. மவுஸை நகர்த்தினால் கூடவே முனகுகிறது.

மைக்செட்மாமா | புதன், காலை 11:02

அது யுஎஸ்பியின் தரை வழியாக வருகிற இரைச்சல். யுஎஸ்பி நொடிக்கு 1,000 முறையோ 8,000 முறையோ மூச்சு விடும். அதே சுருதியில் கேட்கும். மவுஸோடு சேர்ந்து முனகுவது அதன் அடையாளம். போர்ட் மாற்றுங்கள், அல்லது சொந்தமாக மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போட்டுப் பாருங்கள். தாத்தா ஹப் வேண்டாம் என்றார், நான் போடு என்கிறேன். அவர் சொன்னது டிக்குக்கு, நான் சொல்வது கீச்சுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வாசிப்புமேசை | ஞாயிறு, இரவு 11:55

எல்லோருக்கும் நன்றி. பவர் ஆப்ஷன் மாற்றியதும் மீதி இரண்டும் போய்விட்டன. யுஎஸ்பி சஸ்பெண்டையும் அணைத்துவிட்டேன், ஆனால் அதற்கு முன்பே போய்விட்டதால் அதன் பங்கு என்ன என்று சொல்ல முடியவில்லை. கோப்புகளையும் ஒத்திசையும் ஃபோல்டரிலிருந்து எடுத்தாயிற்று. மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, பஃபரையும் 512 ஆக்கிவிட்டேன். என் குரல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் காதுக்கு வருகிறது, டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கிறது. அதனால் 512 வைத்தாலும் எனக்கு எந்தத் தாமதமும் தெரியவில்லை.

இன்று இரவு முதல் முறையாக ஒரு முழுப் பாடத்தை ஒரே மூச்சில் பதிவு செய்தேன், 41 நிமிடம். திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தால் 33:12இல் ‘டிக் டிக் டிக்’. வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது.

பெரிதாக்கிப் பார்த்தேன். படி இல்லை. ஊசியும் இல்லை. சின்னதாக எழும்பி, மெல்ல அதிர்ந்து அடங்குகிறது, பின்னால் அறையின் எதிரொலி வால் வேறு. அலை எங்கும் அறுபடவில்லை. அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் டியூப்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது பல்லி.

மைக்செட்மாமா | திங்கள், காலை 6:02

எந்தத் திசையில் சொன்னது?